புறப்படுவோன் கடன்

பிரிந்து செல்பவன் தன் இல்லத்தாருக்குச் செய்யவேண்டிய கடமை யாது? பிளேட்டோவின் 'குடியரசு' முதற் புத்தகத்தில் முதியவரான கெபாலஸ் இவ்வினாவைத் தொட்டுச் செல்கின்றார். தெய்வத்துக்கோ மனிதருக்கோ கடன்பட்ட நிலையில் இவ்வுலகை விட்டு நீங்காதிருக்க உதவுவதே செல்வத்தின் பெரும்பயன் என்பது அவர் கருத்து. அதனைச் சோக்கிரட்டீஸ், உண்மை பேசுதலும் கடன் தீர்த்தலுமே நீதி என்பதாகச் சுருக்கி, அது போதுமா என ஆராயப் புகுகின்றார். போருக்குப் புறப்படும் இளைஞனுக்கும் இவ்வாராய்ச்சி உரியதே. முதியவருக்கு நீங்கும் நாள் தெரியாது. படைவீரனுக்கோ அது கட்டளையாக எழுதிக் கொடுக்கப்படுகின்றது.

ஐக்கிய அமெரிக்கப் படையினரின் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். களத்துக்குச் செல்லுமுன் அவர்கள் மரண சாசனம் எழுதுகின்றனர். வங்கிக் கணக்கு, வரி, வீட்டு வாடகை முதலியவற்றைக் கவனிக்க மனைவிக்கோ பெற்றோருக்கோ அற்றோணித் தத்துவம் வழங்குகின்றனர். ஆயுட் காப்புறுதிப் பணத்தைப் பெறவேண்டியவரின் பெயரைப் பதிகின்றனர். அற்றோணித் தத்துவம் அதனை வழங்கியவர் இறந்ததும் வலுவிழந்துவிடும். ஆதலின் மரண சாசனமும் வேண்டப்படுகின்றது. சேவைக்கு முன் பட்ட கடன்களின் வட்டி, சேவைக் காலத்தில் ஆண்டுக்கு 6 சதவீதத்தை விஞ்சலாகாது என 2003 ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. எனினும் அச்சலுகையைப் படைவீரன் எழுத்து மூலம் கோரவேண்டும்.

இறப்பை எண்ணிக் கணக்கெழுதுதல் அபசகுனம் என்பாரும், அது வீரத்தைக் குன்றச் செய்யும் என்பாரும் உளர். ஆனால் எண்ண மறுப்பதனால் அச்சம் அழிவதில்லை. அது வீட்டில் இருப்பவரின் தோளுக்கு மாற்றப்படுகின்றது, அவ்வளவே.

ஆயின், ஆவணங்களை நிரப்பியதும் கடன் தீர்ந்துவிடுமா? 1981 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று ஈண்டு நோக்கற்பாலது. விவாகரத்துச் செய்த படைவீரர் ஒருவர் தம் பிள்ளைகளின் நன்மைக்காகக் காப்புறுதியைப் பேணவேண்டும் என மாநில நீதிமன்றம் பணித்திருந்தது. அவர் மறுமணம் புரிந்து, பணம் பெறுவோர் பற்றிய பதிவை மாற்றியபின் இறந்தார். பெறுவோரைத் தெரியும் உரிமையைக் கூட்டாட்சிச் சட்டம் படைவீரருக்கே அளித்திருப்பதால், பணம் இரண்டாம் மனைவிக்கே உரியதெனத் தீர்ப்பாயிற்று. அவளுக்கும் நியாயம் உண்டு. ஆனால் பிள்ளைகளுக்குரிய கடன் தீர்ந்ததென எவர் கூறுவார்? சட்டம் கையொப்பத்தைக் காத்தது. கையொப்பமிட்டவரின் மனச்சாட்சியைக் காப்பது அதன் தொழிலன்று.

அரசும் இக்குறைக்கு விலக்கன்று. முதலாம் உலகப் போரில் பிரித்தானிய அரசு படைவீரரின் மனைவியருக்குப் பிரிவுப்படி வழங்கியது. 1914 இலேயே, 'தகுதியற்றோர்' எனக் கருதப்பட்டவரின் படியை நிறுத்தும் நோக்குடன், அவர்தம் ஒழுக்கத்தைக் கண்காணிக்கப் பொலிசாரின் துணை நாடப்பட்டது. கணவனின் சேவைக்கு ஈடாக வந்த உரிமை, மனைவியின் கையை அடையும்போது பிச்சையின் தன்மை பெற்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் பணம் இருந்தது. பின்தங்கியவரின் சொல்லுக்கு மட்டும் இடமிருக்கவில்லை. ஆகவே, புறப்படுவோன் தரவேண்டியது பணம் மட்டுமன்று; முடிவெடுக்கும் தகுதியையும் தரவேண்டும். என்ன கடன் உண்டு, யாருக்கு எவ்வளவு, தான் திரும்பாவிடின் எது எவரைச் சேரும் என்பவற்றை மறைக்காது கூறி, அவர்களோடு கலந்து தீர்மானித்தலே அத்தகுதியைத் தருதலாகும். தான் தந்த அதிகாரம் தவறாகப் பயன்படலாம் என அவன் அஞ்சுவதும் நியாயமே. அவ்வச்சத்துக்கு அளவான அதிகாரம் மருந்தாகலாம், மௌனம் மருந்தாகாது.

நீதியின் இலக்கணத்தில் கடன் தீர்த்தலுக்கு முன் உண்மை பேசுதல் வைக்கப்பட்டது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் போருக்குச் செல்வோன் பின்பற்றவேண்டிய வரிசை அதுவே. கடன் தீர்க்க அவன் திரும்பி வராமற் போகலாம். உண்மையைப் புறப்படுமுன் சொல்லிவிட முடியும்.