கைப்பழக்கமும் ஊர்ப்பழக்கமும்

ஊர்விட்டு ஊர் செல்வோர் கையோடு கொண்டுசெல்லக் கூடியன சில. கொண்டுசெல்ல இயலாதன சில. பணத்தை நாணய மாற்றுக் கடையில் மாற்றிக்கொள்ளலாம். பட்டத்தையும் சான்றிதழையும் உறையிலிட்டு எடுத்துச் செல்லலாம். ஆனால், பல்லாண்டுப் பணியால் விளைந்த அனுபவத்தை எவ்வாறு எடுத்துச் செல்வது? அதனைப் புதிய ஊர் உடனே ஏற்க மறுக்குமானால், அம்மறுப்பு அறமாகுமா? புலம்பெயரும் எவர்க்கும் உரிய வினா இது. எனினும், தாதியர் வாழ்வில் இது மிகக் கூர்மையாக எழுகின்றது. ஏனெனில், அவர்தம் அனுபவம் பிறர் உயிரோடு தொடர்புடையது.

மார்சிலிங், சிங்கப்பூரின் வட எல்லையில், ஜோகூர்க் கடற்பாலத்திற்கு அண்மையில் அமைந்த குடியிருப்பு வட்டாரம். 1924ஆம் ஆண்டு முறையாகத் திறக்கப்பெற்ற அப்பாலத்தின் வழியே வேலை தேடி வருவோரும் வேலை முடித்துத் திரும்புவோரும் நாள்தோறும் செல்கின்றனர். அவ்வட்டாரத்தை அடுத்து, உட்லண்ட்ஸில் எழுந்த புதிய மருத்துவமனை 2023 டிசம்பர் முதல் படிப்படியாக இயங்கத் தொடங்கி, 2024 ஜூலையில் முறையாகத் திறந்துவைக்கப்பெற்றது. மருத்துவமனை என்பது கட்டில்களும் கருவிகளும் மட்டுமன்று. இரவும் பகலும் அருகிருந்து பேணும் கைகளும் வேண்டும். சிங்கப்பூர் மருத்துவமனைகளில் அக்கைகளுள் ஒரு பகுதி மலேசியா, பிலிப்பீன்ஸ், மியன்மார், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவை.

மதுரையில் 15 ஆண்டுகள் பணியாற்றிய ஒரு தாதி, கணவரின் வேலை நிமித்தம் மார்சிலிங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியேறியதாகக் கொள்க. அவர் மறுநாளே மருத்துவமனைக்குள் நுழைந்து பணியைத் தொடங்கிவிட இயலாது. முதலில் வேலைதர முன்வரும் நிறுவனம் ஒன்று வேண்டும். பின்னர், சிங்கப்பூர்த் தாதிமைக் கழகம் அவர்தம் கல்வியையும் பணி வரலாற்றையும் ஆராயும், திறனும் சோதிக்கப்பெறும். பதிவு கிடைத்த பின்னரும் சில காலம் மேற்பார்வையின்கீழ்ப் பணியாற்ற நேரும். தாய்நாட்டில் முழுநிலைத் தாதியாக விளங்கியவர் இங்கே அதற்கு அடுத்த நிலையில் அமர்வதும் உண்டு. நேற்றுவரை இளையோர்க்குக் கற்பித்தவர், இன்று தம்மினும் இளையவர் பார்த்திருக்க நாடித்துடிப்பை எண்ணுகின்றார். 'இத்தனை ஆண்டுகள் செய்ததெல்லாம் எங்கே போயிற்று?' என அவர் உள்ளம் வினவுவது இயல்பேயன்றோ?

இவ்வினாவிற்கு விடை காண, அனுபவம் என்பது யாது எனப் பகுத்துணர்தல் வேண்டும். அனுபவத்தில் இரு கூறுகள் உள. ஒன்று கைப்பழக்கம், மற்றொன்று ஊர்ப்பழக்கம். ஊசி செலுத்தும் நுட்பம், காயத்தின் நிறங்கண்டு சீழ்ப்பிடிப்பை உணர்தல், நோயாளியின் மூச்சு மாறுவதைக் காதால் அறிதல் ஆகியன கைப்பழக்கம். இவை எங்குச் சென்றாலும் உடன்வரும். ஆனால், மதுரைக் கிழவர் 'நெஞ்சைப் பிசையுது' என்று சொல்லும்போது, அது வாய்வா, இதய நோயா என அவர் முகத்தோடு சேர்த்து அறிந்த அறிவு ஊர்ப்பழக்கம். மார்சிலிங்கில் அதே வயதுடைய சீன முதியவர் தம் வலியை ஹொக்கியன் மொழியில் கூறுவார்; மலாய் மூதாட்டி மலாயில் கூறுவார். மருந்தின் வணிகப் பெயர் வேறு. கருவியின் அமைப்பு வேறு. குறிப்பேடு எழுதும் முறையும் வேறு. ஆகவே, அனுபவம் முழுவதும் ஒருவருடைய தனியுடைமை அன்று. அதன் ஒரு பகுதியை அவ்வூர் மக்கள் அவர்க்குக் கடனாகக் கொடுத்திருந்தனர். ஊரைவிட்டு நீங்குங்கால் அப்பகுதி அங்கேயே தங்கிவிடுகின்றது.

இதனை உணர்ந்தால், சோதித்துப் பார்த்தல் அவமதிப்பு அன்று என்பது புலனாகும். கடையில் பொருள் வாங்குபவர் நல்லது தீயது ஆராய்ந்து வாங்கலாம். கட்டிலில் கிடக்கும் நோயாளிக்கு அவ்வாய்ப்பு இல்லை. தமக்கு மருந்தூட்டும் கை தேர்ந்த கையா என அவர் ஆராய இயலாது. நம்புதல் ஒன்றே அவர்க்கு வழி. அந்நம்பிக்கைக்குக் காவலாக நிற்பதே பதிவு முறை. 1860ஆம் ஆண்டு இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் புளோரன்ஸ் நைட்டிங்கேலின் முயற்சியால் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றதன் உட்கருத்தும் இதுவே. அன்பு வேண்டும், ஆயின், அன்பு மட்டும் போதாது.

எனினும், இதற்கு மறுபக்கமும் உண்டு. 'தெரியுமா எனப் பார்ப்போம்' என்பது வேறு. 'தெரியாது எனக் கொள்வோம்' என்பது வேறு. முன்னது காவல், பின்னது இகழ்ச்சி. இல்லாத ஊர்ப்பழக்கத்தைக் கற்பிக்கும் ஏற்பாடு நீதியானது. உள்ள கைப்பழக்கத்தையும் இல்லையெனக் கருதி ஆண்டுக்கணக்கில் தாழ்த்தி வைப்பது நீதியன்று. அதனால் நோயாளிக்கும் நட்டமே. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக, நோயாளியின் அருகிருந்து பேணுபவரையும் வைத்தெண்ணுகின்றது. அவரைக் குறைத்து மதிப்பிடுவது மருத்துவத்தையே குறைத்து மதிப்பிடுவதாகும். மேலும், சிங்கப்பூரில் தாதிமைப் பணி வேரூன்றியதே வந்தவர்களால் என்பதை மறத்தலாகாது. 1885 ஆகஸ்ட் 1 அன்று பொது மருத்துவமனையில் அப்பணியைத் தொடங்கியவர்கள் பிரெஞ்சுக் கன்னியர். அந்நாளே இன்றும் இங்குத் தாதியர் தினமாகக் கொண்டாடப்பெறுகின்றது.

இனி, நீங்கிய ஊரின் நிலை என்ன? ஒரு நகரில் நிரம்பும் இடம் மற்றொரு நகரில் வெறுமையாகும் இடமன்றோ? உலகச் சுகாதார நிறுவனம் 2010ஆம் ஆண்டு, சுகாதாரப் பணியாளரைப் பிற நாடுகளிலிருந்து சேர்த்துக்கொள்வதற்கான நடைமுறைக் கோட்பாடுகளை வகுத்தது. 2023இல், பணியாளர் பற்றாக்குறையால் காக்கப்பட வேண்டிய 55 நாடுகளின் பட்டியலையும் வெளியிட்டது. இந்தியா அப்பட்டியலில் இல்லை. ஆயினும், பட்டியல் நாட்டைக் குறிக்குமேயன்றி, ஒரு தாதி நீங்கிய ஒரு வார்டைக் குறிக்காது. அதற்காகக் குடும்பத்தோடு வாழ விழைந்த ஒருத்தியின் தோளில் பழி முழுவதையும் சுமத்துதல் தகாது. பயிற்றுவித்த நாடு போதிய ஊதியமும் மதிப்பும் தருதல் வேண்டும். பயன்பெறும் நாடு தன் மக்களுள்ளும் தாதியரை வளர்த்தல் வேண்டும். பெரும்பொறுப்பு இவ்விரண்டிற்கும் உரியது. தமக்குக் கற்பித்தோர்க்கு நன்றியாகத் தம் அறிவை எங்கிருந்தாலும் இளையோர்க்கு வழங்குதலே அத்தாதியின் கடன்.

அவர்க்குரிய அறம் மற்றொன்றும் உண்டு. 'எனக்குத் தெரியாது; காட்டுங்கள்' எனக் கேட்கும் துணிவே அது. கன்றிப்போன அனுபவம் கேட்க நாணும். கனிந்த அனுபவம் கேட்க நாணாது. பழகாத கருவி முன் நாணத்தால் வாய்மூடி நிற்பவர் நோயாளிக்கு ஊறு விளைவிப்பர். அவ்வாறே, மேற்பார்வையிடும் இளையவர்க்கும் ஓர் அறம் உண்டு. பிழையைத் திருத்தும்போது வயதை மதித்துத் திருத்துதல் அது. 'அக்கா, இங்கே இப்படிச் செய்வோம்' என்னும் ஒரு சொல், ஒருவரின் 15 ஆண்டுகளை அவர்க்கே திருப்பித் தந்துவிடும்.

பள்ளிக்கும் இது பொருந்தும். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ பயின்று, ஆண்டின் நடுவில் சிங்கப்பூர் வகுப்பறையில் வந்தமரும் மாணவனைச் சோதித்தல் முறையே. ஆனால், அவனுக்கு எது தெரியாது என்பதோடு எது தெரியும் என்பதையும் அச்சோதனை கண்டறிதல் வேண்டும்.

நள்ளிரவு மூன்று மணிக்கு, கட்டிலிலிருந்து ஒரு முதியவர் 'மிஸ்ஸி' என்று அழைக்கின்றார். சிங்கப்பூரில் தாதியரை மக்கள் அழைக்கும் பழஞ்சொல் அது. அவ்வழைப்பு, வருபவர் எந்தப் பட்டியலில் உள்ளார், எந்த ஊரிலிருந்து வந்தார் என வினவுவதில்லை. தேர்ந்த கையும் கனிந்த மனமும் வரும் என நம்பி அழைக்கின்றது. அந்நம்பிக்கை பொய்க்காதிருக்கவே சோதனை வேண்டும். அந்நம்பிக்கைக்குரியவர் மனம் முறியாதிருக்கவே மதிப்பு வேண்டும். இரண்டையும் ஒருங்கே அளிக்கும் ஊரே, வந்தவர்க்கும் சொந்த ஊராகும்.