போன வருஷத்துப் பூ

சென்ற மாதம் என் அண்ணன் மகள் ஒரு துணி மூட்டையுடன் வீட்டுக்கு வந்தாள். இல்லாதவர்கள் யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி என் மனைவியிடம் ஒப்படைத்தாள். மூட்டையைப் பிரித்தால், மேலாக ஒரு புடவை. வெள்ளைத் தரையில் பச்சைக் கொடி ஓட, கொடியெங்கும் பொடிப் பொடியாக ரோஜா நிறப் பூக்கள். ஒரு நூல் பிரியவில்லை, நிறம் மங்கவில்லை. பெயர் பெற்ற டிசைனர் ஒருவரிடம், தன் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து அவள் ஆசையாக வாங்கியது அது.

"ஏண்டி, நாலு தடவைகூடக் கட்டியிருக்க மாட்டாயே, இதைப் போய்க் கொடுக்கிறாயே?" என்றாள் என் மனைவி.

"அது போன வருஷத்துப் பூ, சித்தி. இப்போது பெரிய பெரிய பூவாகத்தான் வருகிறது. அன்றைக்கு ஆபீஸில் ஒருத்தி, 'இன்னுமா இதைக் கட்டுகிறாய்?' என்று கேட்டுவிட்டாள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அந்த முகத்தில் இருந்தது கர்வமல்ல, வெட்கம்.

பெண்களின் ஆடம்பரத்தைப் பற்றி ஆண்கள் உபதேசம் செய்வது சுலபம். எனக்கு அந்த உத்தேசம் இல்லை. என்னைத் தொட்ட கேள்வி வேறு. கிழியாத ஒன்றைப் பழசு என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் யாருடையது?

மல்லிகையை நினைத்துக்கொண்டேன். நேற்றுச் சூடிய சரத்தை இன்று எறிந்துவிடுகிறோம். அதை யாரும் குறை சொல்வதில்லை. துணியில் இருக்கும் பூவை மாற்றினால் மட்டும் என்ன குற்றம்?

குற்றமோ இல்லையோ, வித்தியாசம் உண்டு. மல்லிகை தானே வாடுகிறது. துணியில் இருக்கும் பூ வாடக்கூடாது என்பதற்காகவே பிறந்தது. சோழமண்டலக் கரையில் துணியில் பூ எழுதிய தொழிலாளிகள் அதற்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை நனைத்து உலர்த்தினார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் தீட்டி, சாயவேரோடு கொதிக்கவைத்தார்கள். நீலம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடி, அவுரிச் சாயத்தில் முக்கினார்கள். 1742-இல் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இந்த முறையை விவரித்துத் தம் நாட்டுக்குக் கடிதம் எழுதினார். துவைக்கத் துவைக்க நிறம் போகாத அந்தப் பூவைக் கண்டுதான் ஐரோப்பா வியந்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சி சாலையில் அந்தத் துணிகளை இன்றும் காணலாம்.

வெயிலாலும் தண்ணீராலும் வாட்ட முடியாத பூவை வாட்டுவதற்கு, வியாபாரம் ஒரு வழி கண்டுபிடித்தது. 1681-இல் லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி டைரக்டர்கள், வங்காளத்திலிருந்த தம் ஆட்களுக்குப் பூப்போட்ட பட்டுகளைப் பற்றி ஒரு கட்டளை அனுப்பினார்கள். மோஸ்தரையும் பூவையும் ஆண்டுதோறும் இயன்றவரை மாற்றிக்கொண்டே இருங்கள். போன ஆண்டு மோஸ்தரில் வரும் நல்ல பட்டைவிட, இதுவரை கண்டிராத புதுப் பட்டுக்கு, அது மட்டமானதாக இருந்தாலும், சீமாட்டிகள் இரட்டை விலை கொடுப்பார்கள் என்பது அதன் சாரம்.

என் அண்ணன் மகளின் வெட்கத்துக்கு வயது 340-க்கு மேல் ஆகிறது!

1947 பிப்ரவரியில் கிறிஸ்டியன் டியோர் பாரிஸில் தம் முதல் ஆடை வரிசையைக் காட்டினார். அதற்கு மலரின் அல்லிவட்டத்தின் பெயரை வைத்தார். இடை சிறுத்து, பாவாடை கெஜக்கணக்கான துணியோடு இதழாக விரிந்தது. யுத்த காலத்தில் அழகையே மறந்திருந்த கண்களுக்கு அது ஒரு வசந்தம். மறுக்கவில்லை. ஆனால் யுத்தத்தின் தட்டுப்பாடு இன்னும் நீங்காத அதே ஆண்டில், பாரிஸின் ஒரு சந்தைத் தெருவில் அந்த உடையுடன் படமெடுக்க நின்ற பெண்ணைச் சந்தைப் பெண்கள் சூழ்ந்துகொண்டு ஆடையைப் பிடித்துக் கிழித்தார்கள். செய்தது நியாயமில்லை. ஆனால் ஒருத்தியின் புதுப் பூ, மற்றவர்கள் உடம்பிலிருந்ததை ஒரே நாளில் பழந்துணி ஆக்கிவிட்டதே, அந்த வேதனையும் பொய்யில்லை.

"புதுமையே வேண்டாமென்றால் அச்சடிக்கிறவனும் நெய்கிறவனும் பிழைப்பது எப்படி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. புதுமையில் ஆசை வைப்பது குற்றமல்ல. குழந்தைக்கும் அது உண்டு. என் உறுத்தலெல்லாம் 'மட்டமானதாக இருந்தாலும்' என்ற அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. மட்டமான புதுசுக்கு இரட்டை விலை கொடுக்கும்போது, நல்லதைச் செய்கிறவனிடம், 'உன் திறமை எங்களுக்கு வேண்டாம்' என்று சொல்லிவிடுகிறோம். அவனும் மெல்ல மெல்லக் கையைத் தளர்த்தக் கற்றுக்கொள்கிறான்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா? ஒரு சமயம் தீபாவளி மலர் ஒன்றுக்கு "புதிதாக ஏதாவது" வேண்டும் என்று கேட்டார்கள். திருத்த வேண்டிய நல்ல கதை ஒன்று மேஜைமேல் கிடந்தது. அதை ஒதுக்கிவிட்டு, இரண்டு இரவில் வேறொன்றை எழுதிக் கொடுத்தேன். மட்டமானதுதான், ஆனால் புதுசு. அந்தக் கதை இன்று எனக்கே மறந்துவிட்டது. வெட்கம் மட்டும் மறக்கவில்லை.

ஆனால் இந்த வெட்கம் என்னுடையது. நான் செய்த தவறால் வந்தது. அந்தப் பெண்ணின் வெட்கமோ அவளுடையதல்ல. புடவையோடு சேர்த்து யாரோ அவளுக்கு விற்றது. எந்த வெட்கம் நம்முடையது, எது நமக்கு விற்கப்பட்டது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், பாதி ஒழுக்கம் கைவந்துவிடும் என்று தோன்றுகிறது.

அவள் போன பிறகு, மூட்டையைக் கொடுத்தனுப்பு முன் என் மனைவி அந்தப் புடவையை மட்டும் எடுத்து மடித்துப் பீரோவில் வைத்தாள். "என்றைக்காவது கேட்பாள்" என்றாள்.

கேட்பாள். சின்னப் பூ மறுபடியும் வந்துவிட்டது என்று கேட்பாளா, தனக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்பாளா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.