நோன்பு திறந்த கையில் பீடியா?



இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ரமளான் மாலைகளில் நாம் காணும் காட்சி இது. துறைமுகத்திலும் ஆலையிலும் பாடுபட்டு, 13 மணி நேரம் தண்ணீரும் தொடாதிருந்த நம் சகோதரர், மஃரிப் பாங்கு கேட்டு நோன்பு திறக்கிறார். கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்ததும் கை பீடிக் கட்டைத் தேடுகிறது. எண்ணூர்ச் சாம்பற்காற்று போதாதா அந்த நெஞ்சுக்கு!

ஈமானில் குறைந்தவரென்று அவரை ஏசலாமா? கூடாது. நிகோட்டின் மூளையைப் பழக்கி வைத்திருக்கிறது. விட்ட முதல் 3 நாட்கள் எரிச்சலும் தவிப்பும் கடுமையாக இருக்கும்; சில வாரங்களில் தணியும். பகலெல்லாம் அதை வென்றவர் அவர். துணை வேண்டியது இரவுக்கு.

தன் கையாலேயே தன்னை அழித்துக் கொள்வதை அல்லாஹ் தடுத்திருக்கிறான் (2:195). நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறோமே, அதே மருத்துவரிடம் "பீடியை விட வேண்டும்" என்று சொல்ல ஏன் வெட்கம்? நாளைக்கு எத்தனை, எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் முதல் பீடி என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். விடும் நாளைக் குறித்துக் கொள்ளுங்கள். நிகோட்டின் சூயிங்கம் தந்தால் மிட்டாய்போல் மெல்லாமல், சிறிது மென்று கன்னத்தில் அடக்க வேண்டும். பகலில் அது நோன்பை முறிக்கும். இஃப்தாருக்கும் சஹருக்கும் இடையில்தான். 1800-11-2356 என்ற அரசின் இலவச எண்ணிலும் ஆலோசனை உண்டு. 2018 செப்டம்பர் முதல் புகையிலைக் கட்டுகளின் மேலேயே அதை அச்சிடுகிறார்கள், நாம்தான் படிப்பதில்லை.

வீட்டிலுள்ளோரே, அந்த 3 நாள் கோபத்தைப் பொறுத்துக் கொள்ளுங்கள். ஜமாஅத்தாரே, கஞ்சி குடித்தபின் அவரைத் தனியே தெருமுனைக் கடைக்குப் போகவிடாமல், தராவீஹ் வரை நாமும் கூடவே நடப்போம்.