பள்ளிக் கணக்கும் வீட்டுக் கணினியும்

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவரே அதற்கு உடையவர் என்று உலகம் கூறும். ஆயினும், அப்பொருள் யாருடைய ஏவலுக்கு இயங்குகிறதோ அவரே அதனை உண்மையில் ஆள்பவர். நாம் வாங்கி வைத்த கணினியில், பள்ளியோ கல்லூரியோ வழங்கிய கணக்கின் வழியாக நம் பிள்ளைகள் பயில்கின்றனர். அக்கணினியை ஆள்பவர் யார் என்பதைச் சிந்தித்தல் நம் கடமையாகும்.

கணக்கு, அதனை வழங்கிய நிறுவனத்தின் உடைமை. அதிலுள்ள அஞ்சல்களையும் கோப்புகளையும் பார்வையிட நிர்வாகிக்கு வழியுண்டு. படிப்பு முடிந்ததும் அதனை மூடிவிடவும் கூடும். இதில் குறை காண இயலாது. அக்கணக்கு நம் கணினிக்குள் நுழைந்தபின் தன் எல்லையில் நிற்கிறதா என்பதே வினா.

விண்டோஸ் கணினியில் பள்ளிக் கணக்கைச் சேர்க்கையில், நிறுவனம் இச்சாதனத்தை நிர்வகிக்க இசைவு கேட்கும் கட்டம் தோன்றுவதுண்டு. அக்கட்டம் முன்னரே குறியிடப்பட்டு வந்ததும் உண்டு. அவசரத்தில் 'சரி' என்று அழுத்திவிட்டால், நிறுவனத்தின் அமைப்பிற்கேற்ப, கடவுச்சொல் விதிகளை வகுக்கவும், மென்பொருள்களை நிறுவவும், சேமித்தவற்றை அழிக்கவும்கூடத் தொலைவிலுள்ளோருக்கு அதிகாரம் கிட்டலாம்.

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பர். ஆனால், முன்னரே குறியிட்ட கட்டத்தை மாற்றாமல் விடுவது இசைவாகாது என்று 2019 அக்டோபர் 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு இணையதளங்களின் குக்கிகளைப் பற்றியதே. எனினும், அறிந்து செய்யாத செயலை இசைவெனக் கொள்ளலாகாது என்னும் அதன் கருத்து இங்கும் பொருந்தும்.

அறிந்தே தந்தாலும், மறுக்க வழியின்றித் தந்தது இசைவாகுமா? 2021 பிப்ரவரியில், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலுள்ள கிளீவ்லாந்து அரசுப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் வீட்டிலிருந்தே வேதியியல் தேர்வு எழுத அமர்ந்தார். கணினியின் கேமராவைச் சுழற்றி அறையைக் காட்டுமாறு அவர் பணிக்கப்பட்டார். அக்காட்சி ஒரு நிமிடமும் நீடிக்கவில்லை. ஆயினும் அவர் வழக்குத் தொடுத்தார். தேர்வின் நேர்மையைக் காப்பது தக்க நோக்கமே என்பதை ஏற்ற கூட்டாட்சி நீதிமன்றம், வீட்டினுள் அவ்வாறு சோதித்தது அந்நாட்டு அரசமைப்பின் 4-ஆம் திருத்தத்திற்கு முரணானது என்று 2022 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. நல்ல நோக்கத்திற்கும் எல்லை உண்டு என்பதே இதனால் நாம் உணர்வது.

ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும் என்று சிலர் வினவுவர். வீட்டுக் கணினி ஒருவருக்கு மட்டும் உரியதாக இருப்பது அரிது. தந்தையின் வங்கிக் கணக்கும், தாயின் மருத்துவ அறிக்கையும், பாட்டியின் ஓய்வூதியத் தாள்களும் அதிலேயே இருக்கும். பிள்ளை அழுத்தும் ஒரு 'சரி' இவர்கள் அனைவரையும் கட்டுகிறது. இவர்களை எவரும் கேட்கவில்லை. பிறருக்குரியதை ஈந்துவிட நமக்கு உரிமையில்லை என்பது எளிய அறம்.

ஆதலின், பள்ளி வேலைக்கெனக் கணினியில் நிர்வாகி உரிமையற்ற தனிப் பயனர் கணக்கு ஒன்றை அமைத்தல் நலம். உலாவியிலும் தனிச் சுயவிவரம் வேண்டும். இன்றேல், பள்ளிக் கணக்குடன் ஒத்திசைக்கும்போது நம் கடவுச்சொற்களும் பார்த்த தளங்களின் பட்டியலும் அதனுள் சென்று சேரக்கூடும். இச்செயலியில் மட்டும் உள்நுழையும் தெரிவு இருப்பின் அதனையே கொள்க. படிப்பு முடியுமுன் தேவையான கோப்புகளைப் படியெடுத்துக்கொண்டு, கணினியிலிருந்து அக்கணக்கை நீக்கிவிடுதல் வேண்டும். சாதனம் முழுவதையும் நிர்வகித்தே தீரவேண்டும் என்று நிறுவனம் கருதினால், தன் கணினியைத் தருவதோ, தன் கூடத்தில் தேர்வு நடத்துவதோ முறையாகும்.

கடமை நமக்கும் உண்டு. பள்ளிக் கணக்கைப் பள்ளி வேலைக்கே பயன்படுத்தி, சொந்தக் கடிதங்களையும் குடும்பப் படங்களையும் அதில் சேர்க்காதிருத்தல் வேண்டும். நம் எல்லையைப் பிறர் மதிக்க விரும்பும் நாம், பிறர் எல்லையையும் மதிப்பதே நேர்மை.

எதற்காக, எவ்வளவு, எந்நாள் வரை என்று வினவுவது ஆசிரியருக்குச் செய்யும் அவமதிப்பு என்று நம் பிள்ளைகள் எண்ணித் தயங்குவர். அவ்வினாவைப் பணிவுடன் எழுப்பக் கற்பித்தலும், எழுப்பும்போது உடன் நிற்றலும் பெற்றோராகிய நமது பொறுப்பாகும்.