பந்தயத்தில் தோற்பவனுக்கு ஒரு சங்கம் வேண்டுமா?



இன்னைக்குக் கொஞ்சம் சங்கடமான கேள்வி. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுகிறவனுக்கென்று ஒரு சங்கம் இருக்கலாமா? அவன் உரிமைக்காகப் பேசுவது நியாயமா, இல்லை அவனை இன்னும் ஆழத்துக்குத் தள்ளுவதா?

"நம்ம பள்ளிபாளையத்துல ஏதுங்க குதிரை?" என்று கேட்பீர்கள். குதிரை இல்லைதான். ஆனால் வாரக் கூலி வாங்கும் கை இருக்கிறது, அந்தக் கையில் போனும் இருக்கிறது. லாட்டரியைத் தமிழ்நாடு 2003-லேயே தடை செய்துவிட்டது. இன்னமும் மூணு நம்பர் லாட்டரி விற்றவர் கைது என்று பேப்பரில் வந்துகிட்டேதான் இருக்கு. ஆசைக்கு மைதானம் தேவையில்லைங்க.

முதலில் நம்ம மாநிலத்துக் கதையைப் பார்ப்போம்.

கிண்டியில் 1777 முதலே பந்தயம் நடந்திருக்கிறது. மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடங்கியது 1896-ல். 1974-ல் தமிழ்நாடு அரசு பந்தயத்தையே ஒழிக்கச் சட்டம் போட்டது. கிளப் கோர்ட்டுக்குப் போனது. 1986-ல் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. 1996 ஜனவரியில் கே.ஆர்.லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த 1986 சட்டத்தை ரத்து செய்தது. குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமை சார்ந்தது, வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்றும் சொன்னது. பிறகு 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து, கிண்டியில் இருக்கும் 160.86 ஏக்கரைத் திரும்ப எடுத்தது. வருஷ வாடகை 614 ரூபாய் 13 பைசா என்று படித்து ஊரே வாயைப் பிளந்தது.

இந்த ஐம்பது வருஷச் சண்டையில் அரசு பேசியது. கிளப் பேசியது. குதிரை வைத்திருப்பவர், பயிற்சி கொடுப்பவர், லாயத்தில் வேலை பார்ப்பவர் பிழைப்பு பற்றியும் பேச்சு வந்தது. கவுன்ட்டர் வரிசையில் நின்று பணம் கட்டினவன் பேச்சு மட்டும் என் கண்ணில் படவில்லை. ஆனால் மொத்த ஆட்டமும் ஓடுவது அவன் காசில்தான்!

அது எப்படின்னு பாருங்க. 'டோட்' என்ற முறையில் எல்லாரும் கட்டும் பணம் ஒரே உண்டியலில் சேரும். கிளப்பின் பங்கும் வரியும் முதலில் போய்விடும். மிச்சத்தைத்தான் ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். நூறு ரூபாயில் இருபது போகிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஜெயித்தாலும் தோற்றாலும் அந்தக் கூட்டம் மொத்தமாக ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. மிச்சத்தையே திரும்பத் திரும்பக் கட்டினால் பத்தாவது சுற்று முடியும்போது நூறு ரூபாய் பதினோரு ரூபாய்கூட இருக்காது. இதில் கட்டும் முழுத் தொகை மேல் ஜி.எஸ்.டி. வேறு. 2023 அக்டோபர் முதல் 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம்.

திறமை விளையாட்டுதானே என்பீர்கள். உண்மைதான். பில் பென்டர் என்ற அமெரிக்கர் கம்ப்யூட்டர் கணக்கு வைத்து ஹாங்காங் பந்தயத்தில் பெரும் செல்வம் சேர்த்தார். அந்த முறையை 1994-ல் கட்டுரையாகவே எழுதினார். ஆனால் அவர் ஜெயித்த பணம் எங்கிருந்து வந்தது? அதே உண்டியலில் பணம் போட்ட, கணக்குத் தெரியாத மற்றவர்களிடமிருந்துதான்.

இனி சங்கம் பற்றி. வட அமெரிக்காவில் பந்தயம் கட்டுபவர்களே 2008-ல் ஒரு சங்கம் வைத்தார்கள். பிரிட்டனில் 2015-ல் பந்தயம் கட்டுவோர் மன்றம் ஒன்று அமைந்தது. கழிவைக் குறை, ஓட்டம் நேர்மையா நடக்கட்டும், தகவலை மறைக்காதே. இப்படிக் கேட்பதில் என்ன தப்பு? அரசு வரி வாங்குகிறது, சட்டம் அனுமதிக்கிறது என்றால் அவனும் ஒரு நுகர்வோர்தான். தோற்கப் போகிறவன் என்பதால் அவனை ஏமாற்றலாம் என்று எந்த தர்மமும் சொல்லவில்லை.

இன்னொரு பக்கம் இருக்கிறது: சலுகை. மெம்பர் கார்டு, தனி இடம், பாயின்ட், போனஸ், தோற்ற பணத்தில் கொஞ்சம் திரும்ப. ஹாங்காங் ஜாக்கி கிளப், சில வகைப் பந்தயங்களில் ஒரே தடவையில் 10,000 ஹாங்காங் டாலருக்குக் குறையாமல் கட்டித் தோற்றால் 10 சதவீதம் திருப்பித் தருகிறது. நூறு டாலர் கட்டித் தோற்றவனுக்கு ஒன்றும் கிடையாது. சலுகை யாருக்குப் போகிறது பாருங்க.

சாப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது புதுசில்லை. எங்க துறையில் இதற்குப் பேரே 'ரிட்டென்ஷன்'. அதாவது, வந்தவனைப் போகவிடாமல் பிடித்து வைப்பது. நம்ம ஊர்க்காரர்களுக்கு இன்னும் நல்லாப் புரிகிற வார்த்தை ஒன்று இருக்கு: தறி முன்பணம். வாங்கும்போது அது உதவி. வாங்கின பிறகு அதுவே கட்டு.

அப்போ உரிமையையும் சலுகையையும் எப்படிப் பிரிப்பது? எனக்குத் தோன்றும் அளவுகோல் ஒன்றுதான்: *இன்றோடு நான் நிறுத்திவிட்டால், இது எனக்குக் கிடைக்குமா?*

சரியான கணக்கு கேட்பது, ஜெயித்த பணம் ஒழுங்காக வருவது, ஏமாற்றினால் புகார் கொடுப்பது. நிறுத்தினவனுக்கும் இவை உண்டு. அதனால் இவை உரிமை. பாயின்ட், போனஸ், தனி இருக்கை எல்லாம் மேலும் மேலும் கட்டினால்தான். அதற்குச் சலுகை என்று பேர், வேலை தூண்டில் வேலை.

சங்கத்துக்கும் இதே அளவுகோல்தான். உறுப்பினர் விலகும்போது "நல்லாயிருப்பா" என்று வழியனுப்ப முடிகிற சங்கம் அவனுக்கானது. விலகினால் வருமானம் போச்சே என்று வருத்தப்படும் சங்கம் கடைக்காரனுக்கானது.

"இதெல்லாம் எதுக்கு, மொத்தமா தடை செய்துவிட்டால் போச்சு" என்பவர்கள் உண்டு. பணத்துக்கு ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசும் 2025-ல் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் தடை வந்த பிறகும் ஆடுகிறவன் ஆடுகிறான். ஏமாந்தால் சொல்லிக்கொள்ள இடமில்லாமல் ஆடுகிறான், அவ்வளவுதான் வித்தியாசம். கடையை மூடுவது அரசின் வேலை. கடையிலிருந்து வெளியே வருகிறவன் கையைப் பிடிக்க யாராவது வேண்டுமே?

அப்படி ஒரு சங்கம் வந்தால் அது முதலில் மூன்று விஷயம் கேட்கட்டும். நூறு ரூபாயில் எவ்வளவு கழிவு என்று ஒவ்வொரு சீட்டிலும் பெரிய எழுத்தில் அச்சிடணும். கடனுக்குப் பந்தயம் கூடவே கூடாது. "என்னை இனி உள்ளே விடாதீங்க" என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் அதை மதிக்கணும்.

கடைசியா ஒண்ணு. கடன் தாங்காமல் கிட்னியை விற்ற தறித் தொழிலாளர்கள் என்று 2025-ல் நம்ம ஊர் பேர் செய்தியில் அடிபட்டது. அதற்குப் பந்தயம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கடன் ஒரு வீட்டை எதுவரைக்கும் கொண்டுபோகும் என்பதற்காகச் சொல்கிறேன். ஒருவன் பணம் கட்டும்போது அவன் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்தே கட்டுகிறார்கள். அவர்கள் கையில் மெம்பர் கார்டு இல்லை, போனஸ் இல்லை, நஷ்டத்தில் மட்டும் முழுப் பங்கு. தோற்பவனுக்குச் சங்கம் வைக்கிறவர்கள் முதல் நாற்காலியை அவர்களுக்குப் போடட்டும்.

உங்க கருத்தையும் சொல்லுங்க. யாருக்காவது பயன்படும் என்று தோன்றினால் அனுப்பி வைங்க.