துருப்பிடித்த இரும்பும் மீட்பும்

கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய மகிழுந்து ஒன்றைக் கண்டால், நம் மனம் உடனே துருவைத் துடைத்து, வண்ணம் பூசி, அதைச் சாலையில் ஓடவிட்டுப் பார்க்கிறது. இழந்ததை மீட்க விழையும் அவ்வாசை நல்லதே. ஆனால், எல்லாவற்றையும் முன்னிருந்த நிலைக்குக் கொணர இயலுமா?

1925-ஆம் ஆண்டின் புகாட்டி மகிழுந்து ஒன்று, மஜோரே ஏரியின் சுவிட்சர்லாந்துப் பகுதியில், ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்தில் பல்லாண்டுகள் கிடந்தது. 2009-இல் முக்குளிப்போர் அதைக் கரையேற்றினர். 2010-இல் பாரிசு நகர ஏலத்தில் அது இரண்டரை இலட்சம் யூரோவுக்கு மேல் விலைபோயிற்று. 2008-இல் அடித்துக் கொல்லப்பட்ட அப்பகுதி இளைஞர் ஒருவரின் நினைவாக, இளையோர் வன்முறையைத் தடுக்க எழுந்த அறக்கட்டளைக்கே அத்தொகை சென்றது.

வாங்கியவர் அதைப் புதுப்பிக்கவில்லை. அரித்த தகடுகளோடே தம் காட்சியகத்தில் வைத்தார். அரித்தவை அனைத்தையும் மாற்றியிருந்தால், பெயர் மட்டுமே பழையதாய் எஞ்சியிருக்கும்.

இறந்த மகனைப் பெற்றோருக்கு எவரும் திருப்பித் தர இயலாது. எனினும், வேறொரு மகன் சாகாதிருக்க வழி தேடலாம். அந்தத் துருப்பிடித்த இரும்பு அதற்கு உதவியது. பழைய நிலை ஒருபோதும் திரும்பாத இடத்திலும், இழப்பை மறைக்காமல், அதிலிருந்தே பிறர்க்கு நன்மை விளையச் செய்தல் கூடும். அதுவும் மீட்பே.