சுவர் எதற்கு?

விமானத்தில் பைலட் உட்காரும் இடத்துக்குப் பெயர் காக்பிட். ‘காக்’ என்றால் சேவல், ‘பிட்’ என்றால் குழி. சேவல் குழியில் பைலட்டுக்கு என்ன வேலை?

கப்பல் வழியாக விமானத்துக்கு வந்த பெயர் இது. ஆதியில் இங்கிலாந்தின் சேவல் சண்டைக் களங்களுக்குத்தான் இந்தப் பெயர். ராஜா முதல் வேலைக்காரன் வரை பித்துப்பிடித்து அலைந்த ஆட்டம் அது. எட்டாம் ஹென்றி தன் வைட்ஹால் அரண்மனையிலேயே ஒரு களம் கட்டிக்கொண்டார். டெர்பி குதிரைப் பந்தயத்துக்குப் பெயர் தந்த 12-வது டெர்பி பிரபுவுக்குச் சேவல்கள் என்றால் உயிர்.

1835-ல் சட்டம் வந்தது, ஆட்டத்துக்குத் தடை விழுந்தது. களங்கள் மட்டும் அங்கங்கே மிச்சம். பழைய மாளிகைத் தோட்டங்களில் புல் மூடிய வட்டப் பள்ளங்கள். பக்கத்திலுள்ள வேல்ஸில், டென்பி ஊர்ச் சத்திரத்து முற்றத்தில் நின்ற கூரை வேய்ந்த வட்டக் கட்டடம், இப்போது செயின்ட் ஃபேகன்ஸ் மியூசியத்தில் இருக்கிறது.

இந்த ஆட்டத்தை ரசிப்பவர்களுக்கு எந்த ஊரிலும் ஒரே சமாதானம்தான். ‘சண்டை போடுவது சேவலின் குணம். நாங்க சும்மா வேடிக்கைதானே பார்க்கிறோம்?’

நியாயம் மாதிரிதான் தெரிகிறது. ஆனால் அந்த வட்டச் சுவரைக் கொஞ்சம் பாருங்கள். குணம் மட்டும் போதுமென்றால் சுவர் எதற்கு?

வீட்டு முற்றத்தில் இரண்டு சேவல்கள் மோதினால் என்ன நடக்கும்? கழுத்து இறகைச் சிலிர்க்கும். நாலு கொத்து கொத்தும். இளைத்தது ஓடிவிடும். ஜெயித்தது கொஞ்ச தூரம் துரத்திவிட்டு, திரும்பி வந்து குப்பையைக் கிளறும். அவ்வளவுதான் சண்டை.

அதை மரணமாக்க மனிதன் நிறைய உழைக்க வேண்டியிருந்தது. காலில் இயற்கையாக இருக்கும் முள்ளைச் சீவிவிட்டு, இரும்பிலோ வெள்ளியிலோ கூர்முள் மாட்டினார்கள். எதிரி கவ்வக் கூடாதென்று கொண்டையையும் தாடியையும் அறுத்தார்கள். ஓட வழியில்லாமல் வட்டம் கட்டினார்கள். சுற்றிலும் பந்தயப் பணம். 1759-ல் ஹோகார்த் வரைந்த சேவல் களப் படத்தில், நடுவில் பார்வையற்ற பிரபு ஒருவர். அவர் பணத்தையே ஒரு ஆள் லவட்டிக்கொண்டிருக்கிறான்!

‘சாகும்வரை ஓடாத சேவலும் உண்டே சார்?’ என்பீர்கள். உண்டு. ஓடியதைக் கழித்துவிட்டு, ஓடாததையே தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கினால் அப்படித்தான் வரும். அது ரத்தத்துக்குள் கட்டிய சுவர்.

கோபம் சேவலுடையது, ஒப்புக்கொள்கிறேன். மரணம், களம் கட்டியவனுடையது.

இது சேவலோடு முடிகிற சமாச்சாரமா? ஒரே சமையலறை, ஒரே ஆளின் சம்பளம், வெளியே போக்கிடம் இல்லாத இரண்டு பெண்கள். சண்டை வந்ததும், ‘பொம்பளைக்குப் பொம்பளைதான் எதிரி’ என்று கூடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறோம். ஆபீஸில் ஒரே ஒரு பிரமோஷனைக் காட்டி இரண்டு பேரை ஆறு மாதம் மோதவிட்டு, ‘ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது’ என்று அலுத்துக்கொள்கிறார் மேனேஜர்.

அவர்களிடம் கோபமே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கும். விலகிப்போக ஒரு வாசல் இருந்தால் நாலு கொத்தோடு முடிந்திருக்கும்.

‘அவங்க குணமே அப்படி’ என்று அடுத்த தடவை சொல்ல வாயெடுக்கும்போது, ஒரு நிமிஷம் சுற்றிலும் பாருங்கள். ஓட வழி இருந்ததா? இல்லையென்றால், அந்தச் சுவரில் நாம் வைத்த கல் எத்தனை?